பழசே போதும்

மாங்குளத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த தில்லைநாதன் புதுசும் பழசுமாக இரண்டு கமராக்களை மேசையில் வைத்தார். வாங்க வந்தவர் மல்லாவி ஊர் ஏரம்பு.

“புதுசைக் கொண்டுபோங்கோ, ஐயா. பாக்கிற கண்ணாடிக்குள்ளை ரெண்டாத் தெரியிற முகத்தை, வளையத்தைத் திருப்பி ஒண்டாக்கி அமத்தினா, பரு, தழும்பு, மாறுகண் எல்லாம் அப்பிடியே விழும்.”

“பழசு?”

“அது என்ரை. பத்து வருசத்துக்கு முந்தி கீழை விழுத்திப்போட்டன். என்ன செய்தாலும் முகம் பனிப்புகார் மூடின மாதிரித்தான் வரும்.”

“அதைத் தாங்கோ.”

தில்லைநாதன் தலையைச் சொறிந்தார். “ஐயா என்ன தொழில்?”

“கலியாணத் தரகு. புதுசு என்ரை பிழைப்பைக் கெடுத்துப்போடும்.”

உள்ளே படம் கழுவிக்கொண்டிருந்த தில்லைநாதனின் மனைவி விமலேஸ்வரி வெளியே வந்து, அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“பத்து வருசமோ? அப்ப, அதுக்குப் பிறகு கலியாணம் பேசேக்கை எனக்குக் காட்டின உங்கடை படமும் இதாலை எடுத்ததுதான்.”