கிணற்றில் இறங்கிய காந்தம்

மயிலாப்பூர் வீட்டுக் கிணற்றுக்குள் உச்சிவெயில் ஒரு தட்டளவுக்கு விழுந்து கிடக்கிறது. தவறி விழுந்த பீரோ சாவிக்காக, பாடாத ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொடுத்திருக்கிறாள் காமாக்ஷி. கயிறு, வீட்டுவேலை செய்யும் முத்துமாரியின் கையில். “கனமா கீதும்மா. இன்னாவோ பெரிசா மாட்டிக்கினு கீது.” “மெதுவா இழு, விழுந்துடப் போறது.” சொட்டச் சொட்ட மேலே வருகிறது காந்தம். ஒரு பக்கம் சாவி. மறுபக்கம், விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு, துருவேறிய தையல் கத்திரிக்கோல். போன தீபாவளிக்கு ரவிக்கை தைத்த மறுநாள் காணாமல் போனது. காமாக்ஷிக்குக் காதுமடல் சுடுகிறது. கிணற்றுச் சுவரின் பாசியையே பார்க்கிறாள். முத்துமாரி கத்திரிக்கோலைப் பிய்த்தெடுத்து, ஈரம் போகத் துடைக்கிறாள், அன்று வாசலில் நிறுத்திக் காமாக்ஷி உதறிக் காட்டச் சொன்ன முந்தானையால்.