ஓ.பி. சீட்டின் பின்பக்கம்

விமானத்தில் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வரி தனக்குத் தோன்றியது என்றார் அவளுடைய மேலதிகாரி, ஆங்கிலத்தில்.

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். இனி அவள் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கல்லூரிக்கு அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

மைக் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

‘அம்மாவுக்கும் வலிக்கும்.’

அதுதான் அந்த வரி. மூட்டுவலித் தைலத்துக்கான விளம்பரம். மூன்று வருடமாக ஊரில் ஓடுகிற பாதிப் பேருந்துகளின் முதுகில் இருக்கிறது. தாங்களும் அப்படி ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசையில் இருநூறு பிள்ளைகள் எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

விமானமாம். ஜன்னலில் மேகமாம்.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நான்கு மணி நேரம் நின்றது யார்? முழங்காலைப் பிடித்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணுமில்லடி, நீ ஆபீசுக்குக் கெளம்பு” என்று விரட்டியது யாருடைய அம்மா?

அந்த வரிசையில், ஓ.பி. சீட்டின் பின்பக்கம் அவள் எழுதிய வரி அது.

மும்பை கிளையண்டுக்குப் புரிய வேண்டும், ஆங்கிலத்தில் கொடு என்று மேலதிகாரி கேட்டார். அவளே மாற்றிக் கொடுத்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். ஆங்கிலம் இவர் பெயரில் போனது. அதுவே மூலம் என்றானது. அவளுடைய தமிழுக்கு நேராக ‘மொழிபெயர்ப்பு’ என்று போட்டார்கள்.

தான் எழுதியதற்குத் தானே மொழிபெயர்ப்பாளர். எந்த ஊர் நியாயம் இது?

வேலை வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் காத்திருக்கவில்லை. அறிவுரைக்குப் போய்விட்டார். யார் எழுதினார்கள் என்று பார்க்காதீர்கள், தோன்றியதைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள், இந்தத் தொழிலில் பெயருக்கு ஆசைப்படாதீர்கள் என்றார்.



மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“அந்த வரிய எழுதினது சார் இல்ல. நான். ஆஸ்பத்திரி வரிசையில எங்கம்மா பக்கத்துல நின்னு எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் என் பையில இருக்கு, தேதியோட, சீலோட. நீங்க ஒரு வரி எழுதினா அன்னைக்கே தேதி போட்டு, உங்க பேர் போட்டு அனுப்புங்க. வாயால யார்கிட்டயும் சொல்லாதீங்க. சார்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க.”



மூன்றாம் வரிசையில் ஒரு பெண் ‘தேதி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பிறகு கைதட்டல். நிற்கவே இல்லை.

மேலதிகாரி எழுந்து கைகூப்பினார். ‘வணக்கம்’, ‘ஒரு காபி’, இவற்றுக்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது. தன் பேச்சு இவ்வளவு எடுபடும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை போலும்.

 திங்கட்கிழமைக்குள் யாராவது அவர் காதில் போட்டுவிடுவார்கள்.

போடட்டும்.

கல்லூரியின் துறைத்தலைவி எழுந்தார். மேடையில் அவளைத் தவிர இரண்டு பேச்சையும் கேட்டு, இரண்டும் புரிந்தவர் அவர் ஒருவர்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தட்டில் இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. சிறப்பு விருந்தினருக்கு வாங்கியது. மொழிபெயர்க்க வந்தவளுக்கு எவர் வாங்குவார்?

மேலதிகாரி பழக்கப்பட்டவர். கழுத்தை வாகாகக் குனித்துக் கொடுத்தார்.

துறைத்தலைவி பொன்னாடையை உதறி விரித்தார். குனிந்த தலையைத் தாண்டி நடந்து வந்து, அவள் முன்னால் நின்றார்.

“உங்க பேரென்னம்மா? அழைப்பிதழ்ல போடாம விட்டுட்டோம்.”