பதினோராம் விதி

"எல்லா அதிகாரிகளையும் திருடங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம், இந்தப் பதினோராம் விதி. இதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இளம் மருத்துவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் மருத்துவமனைகள் எப்படி இயங்க வேண்டும் என்று விதிகள் வகுக்கும் குழு அது. பல நாடுகள் கூடும் மாநாட்டுக்கு அந்த வரைவு மாலைக்குள் போயாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விதி விழுந்துவிடும். மற்றவர்கள் கையெழுத்திட்டு எழுந்து போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் மருத்துவரும் குழுத் தலைவியும்தான்.

தலைவிக்கு அலுவலகத்தில் 'முற்றுப்புள்ளி' என்று பட்டப்பெயர். வாக்கியத்தின் முடிவில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கோப்பு வந்த வழியே திரும்பிவிடும். சென்ற தொற்றின்போது நகரத்துப் படுக்கைகளை ஒதுக்கிய கட்டுப்பாட்டு அறை அவர் பொறுப்பில்தான் இருந்தது.

பதினோராம் விதியை எழுதியவரும் அவரே. படுக்கை ஒதுக்கும் அதிகாரியின் உறவினர் நோயாளியாக வந்தால், அதிகாரி அக்கணமே எழுந்துகொண்டு முடிவை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூச்சுக்குத் தவிப்பவரை வைத்துக்கொண்டு வேறொரு அதிகாரியைத் தேடி ஓடுவதா என்று கேட்டார் மருத்துவர். பிழைக்கும் வாய்ப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் முறைதான் இருக்கிறதே. யார் போட்டாலும் ஒரே விடைதானே வரும்? நேர்மையானவருக்கு இந்த விதி வேண்டியதில்லை, நேர்மையற்றவர் இதை மதிக்கப் போவதுமில்லை என்றார்.

தலைவி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஒரு கேஸ் சொல்றேன், டாக்டர். இருக்கறது ஒரே படுக்கை. ரெண்டு பேர் வந்திருக்காங்க. முதல் ஆளுக்கு வயசு அறுபத்தஞ்சு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுது, நுரையீரல் முழுக்கப் பரவிடுச்சு. ரெண்டாவது ஆளுக்கு முப்பது வயசு. வேற நோய் எதுவும் இல்ல. மூச்சுத்திணறல் மட்டும்தான். யாருக்குக் கொடுப்பீங்க?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டாவது ஆளுக்கு."

"அன்னைக்கு முதல் ஆளுக்குத்தான் கொடுத்தாங்க."

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ரெண்டாவது ஆள்?"

"வராந்தாவுலயே போயிட்டான்."

"யார் அப்படிக் கொடுத்தது?"

"நான்தான்."

அந்த வராந்தாக்களில்தான் மருத்துவர் மாதக்கணக்கில் ஓடியிருந்தார். கண்ணெதிரே மூச்சு அடங்கிய முகங்களை இன்னும் அவரால் மறக்க முடியவில்லை.

"ரெண்டு பேர்ல யாராவது உங்க சொந்தமா?"

"ஆமா. எழுந்து போயிருக்கணும். போகாம நானே முடிவெடுத்தேன்."

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு. உங்களைப் போய் ஊரே கறார்னு சொல்லுது!"

தலைவி வரைவை மருத்துவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாலும் போதும் மேடம், இந்த விதி வேணும்தான்." தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்திட்டார் மருத்துவர்.

"தேதி போடலையே, டாக்டர்."

பல்லைக் கடித்துக்கொண்டு தேதியையும் போட்டார். கதவுவரை போனவருக்கு மனம் ஆறவில்லை. திரும்பினார்.

"அந்த முதல் ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

தலைவி கோப்பின் நாடாவை இழுத்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாது, டாக்டர். ரெண்டாவதா வந்தவன்தான் என் மகன். பெத்த பிள்ளைன்னு கொடுத்துட்டாள்னு நாலு பேர் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."