மூன்றாவது தடவையும் ஃபெயில்

"என்னைக்காவது ஒரு தட்டு கழுவியிருக்கியாடா நீ?" கையிலிருந்த மஞ்சள் பந்தை ரெஜியின் நெஞ்சைக் குறிவைத்து எறிந்தாள் ஷனீஸ்.

"நீ சமைக்கிறதைத் தின்னதே பெரிய விஷயம். அதுல தட்டு வேற கழுவணுமா?" அவன் பந்தைக் காலால் எத்தினான். அது மாதா கோயிலின் அடித்தளக் கூடத்தில் உருண்டு, கெஸ்லர் மேடத்தின் நாற்காலிக்கடியில் போய் நின்றது.

பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். எட்டு வாரமாக இதைத்தான் மேடம் கற்றுக்கொடுத்தார். கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெற்றுவிட்ட ஏழை ஜோடிகள் சண்டை போடாமல் குடும்பம் நடத்த, அமெரிக்காவின் டொலீடோ நகரில் அரசாங்கம் நடத்தும் இலவச வகுப்பு இது.

கடைசி நாள் பரீட்சையில் மற்ற ஐந்து ஜோடிகளும் தேன் ஒழுகப் பேசிச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். இவர்கள் மட்டும் இப்படி.

"போதும், நிறுத்துங்க!" மேடம் எழுந்தார். "இந்தப் பரீட்சையில இதுவரைக்கும் வேற யாருமே ஃபெயில் ஆனதில்லை. நீங்க மூணாவது தடவை ஃபெயில்! வெட்கமா இல்லை?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மறுபடி எட்டு வாரமும் முதல்லேர்ந்து வரணும்."

"அதே செவ்வாய்க்கிழமைதானே மேடம்?" ரெஜி மெல்லக் கேட்டான். "வேலை செய்யற இடத்துல காட்டறதுக்குப் புது லெட்டர் வேணும்."

"அதுக்கு மட்டும் வாய் ஒழுங்கா வருது!" ஒரு லெட்டரைக் கிறுக்கி அவன் பக்கம் தள்ளினார் மேடம்.

கூடம் காலியானதும் அவர்களுடைய கோப்பைத் திறந்தார். அவளுக்கு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை, விடிகாலை முதல் சாயங்காலம் வரை. அவனுக்குச் சரக்குக் கிடங்கில், சாயங்காலம் முதல் விடிகாலை வரை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

வேலை நேரத்துக்கும் வாய்க்கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? மேடம் உதட்டைச் சுழித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். பேசக்கூடத் தெரியாததுகள் எல்லாம் பிள்ளை பெற்றுக்கொள்ள மட்டும் முந்திக்கொள்கின்றன!

'இந்த ஜோடி திருந்தாது. பிரிந்துவிடுவதே குழந்தைக்கு நல்லது' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அந்தப் பெண்ணிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். இன்னும் எத்தனை நாள் இவனோடு மாரடிப்பாள்?

வகுப்பு நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் அறை நடைக்கோடியில் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. தட்டக் கையை ஓங்கிய மேடம், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

ரெஜி தரையில் மண்டியிட்டுக் குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஷனீஸ் அவன் முதுகில் சாய்ந்து, கன்னத்தை அவன் தோளில் வைத்திருந்தாள்.

"நெஞ்சுல பலமாப் பட்டுடுச்சா?"

"பட்டா என்ன? போன தடவை நீ பாதியில சிரிச்சுத் தொலைச்சே. பாஸ் போட்டுடுவாளோன்னு உயிரே போச்சு எனக்கு."

"லெட்டர் பத்திரமா இருக்கா?"

அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "இதைக் காட்டினாத்தான் செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் லேட்டா வர விடறான் அந்தச் சூப்பர்வைசர்."

ஷனீஸ் அவன் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் எட்டு செவ்வாய்க்கிழமை, நீயும் நானும் ஒரே நேரத்துல முழிச்சிருப்போம்டா!"