கோட்டை இடாப்பு

புலம்பெயர்ந்து வந்த டூட்டிங்கில், ஆவணக் கந்தோர் ஒன்றில் யோகமலருக்கு வேலை. கரீபியனில், குராசோ தீவில் ஒல்லாந்தர் வைத்திருந்த கோட்டையின் படைவீரரின் பெயர் இடாப்பை அவள் வாசிக்க, ஹரிசன் கணினியில் ஏற்றுவான். அங்கே காய்ச்சலில் செத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருக்கும். தப்பியோடியவர்களுக்கு வெறும் கோடு.

முன்பு கிளிநொச்சியில் அவள் பள்ளிக்கூட ரீச்சர். ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பாள்.

"வகுப்பில இடாப்புக் கூப்பிடுற மாதிரியே வாசிக்கிறீங்கள் அக்கா," என்று ஹரிசன் சிரிப்பான்.

மூன்றாம் நாள் பதில் வரத் தொடங்கியது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஆளில்லாத இடத்திலிருந்து, ஆண் குரலில், "ஹீர்." ஒல்லாந்து மொழியில் 'இங்கே' என்று அர்த்தம். சிலுவை போட்ட பெயர்களுக்கு மட்டுமே வந்தது. கோடு போடப்பட்டவர்கள் பேசவில்லை.

"உமக்கும் கேக்குதோ?"

"ஓம் அக்கா. நீங்கள் வாசியுங்கோ, நான் அடிக்கிறன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இடாப்பு முடிந்தது. ஹரிசன் தேத்தண்ணி போடப் போனான்.

யோகமலரின் தம்பி குகநேசன் போரின் கடைசி நாளில் இராணுவத்திடம் சரணடைந்தவன். பிறகு தகவல் இல்லை. எங்கேயாவது தப்பி ஓடியிருப்பான் என்று அம்மா இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்குப் போடச் சேட்டு வாங்குகிறாள். அவனும் யோகமலரின் வகுப்பில்தான் படித்தான். வகுப்பில் மட்டும் அக்கா என்று கூப்பிடக் கூடாதென்று சொல்லி வைத்திருந்தாள்.

கடைசிப் பெயருக்குக் கீழே விரலை வைத்து, அவள் தம்பியின் பெயரைக் கூப்பிட்டாள். பேசிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சியபடி காத்திருந்தாள்.

"உள்ளேன் ரீச்சர்."