நிரஞ்சனாவின் பெட்டி

அணை பத்திரம் என்று கையெழுத்துப் போடும் பொறியாளர், ஷட்டருக்கு நேர் கீழே குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, வெங்கரைப்புதூரில் யாரும் சைரனை நம்புவதில்லை. பொறியாளர் குணசீலனின் மனைவி நிரஞ்சனா வீட்டில் இருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு வெளியூர் போவதென்றால்கூட அவள் முதல்நாளே மைக்கில் அறிவித்துவிட வேண்டும்.

அன்று காலை ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்த குணசீலன் எரிந்து விழுந்தான். தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, "உங்க அம்மா வீட்டுக்கே போய்த் தொலை" என்றான். அவளும் பெட்டியை எடுத்தாள்.

அவள் தெருவில் இறங்கியதும், அணையைத் தாண்டப் படகுகளை ஏற்றி இறக்கும் லாக் தொட்டியில் நின்ற படகுக்காரர்கள் தண்ணீரில் குதித்துக் கரையேறினார்கள். ஊரே ஆடுகளையும் மிக்சிகளையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் மேட்டுக்கு ஓடியது.

அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "அணைக்கு ஒண்ணும் இல்லீங்க! எனக்கும் அவருக்கும் சண்டை, அவ்வளவுதான்!"

ஊர் நின்று சிரித்தது. டீக்கடை சென்னிமலைக்கு மட்டும் கடுப்பு. "சண்டைன்னா அதையும் மைக்குல சொல்லிப்போட்டுப் போகக் கூடாதா அம்மணி? பாலை அடுப்புல வெச்சுட்டு ஓடியாந்தேன்."

"அதா, சாரே வர்றாரு சமாதானம் பண்ண!" என்றார் ஒரு படகுக்காரர். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நிரஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குணசீலன் தலையில் டிவியோடு ஓடிவந்தான். அவளையும் தாண்டி ஓடினான்.