பேய் ரயிலில் உம்மா

கல்முனைக் கடற்கரையில் பெருநாள் கானிவேல். பேய் ரயிலின் இருட்டுக்குள் எலும்புக்கூடு பாய்ந்து, பேய் சிரித்ததும் பஸ்னா அலறிவிட்டாள். அவளுடைய உம்மா நஸீறாவோ கண்களை மூடிப் புன்னகைத்தாள்.

வெளியே வந்ததும் உம்மா மறுபடி டிக்கெட் வாங்கினாள்.

"திரும்பவும் இதுலயா? ராட்டினத்துல ஏறுவம் உம்மா."

"இன்னொருக்காப் போவம் மகள்."

"சின்னப் புள்ளையள் ஏறுற ரயிலுக்குள்ள செத்த மையித்தும் மண்டையோடும்! ஒங்களுக்குப் பயமில்லையா?"

"என்னத்துக்குப் பயம்? கலியாணம் முடிச்ச புதுசுல ஒங்கட வாப்பா இந்தக் கானிவேல்லதான் வேலை செஞ்சவர்." உம்மா ரயிலின் இருண்ட வாசலைப் பார்த்தாள். "அந்தப் பேய்ச் சிரிப்பு, அவர் சிரிச்சு ரெக்கோட் பண்ணினது. அவர் நம்மள விட்டுட்டு மௌத்தாகி இவ்வளவு காலமாகியும் அதத்தான் போடுறாங்க."

பஸ்னாவுக்கு வாப்பாவின் முகம்கூட நினைவில்லை. உம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் ரயிலில் ஏறிக்கொண்டாள்.